நியூட்ரானின் ஆயுளும் வாய்மை விரதமும்

தசலட்சண பர்வத்தில் உத்தம சத்தியத்திற்குரிய நாளன்று எங்கள் ஊர் ஜினாலயத்தில் சொற்பொழிவாற்றும் பொறுப்பு அடியேனுக்குக் கிடைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்தவன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. வாய்மையைப் பற்றித் தொடங்கி, வழக்கம்போல் அநேகாந்தத்தில் வந்து சேர்ந்தேன். யானையைத் தடவிய குருடர் கதையும் வந்தது. காலைத் தொட்டவன் தூண் என்றான். காதைத் தொட்டவன் முறம் என்றான். அவரவர் நோக்கில் அவரவர் சொன்னது மெய்யே என்று கூறி அமர்ந்தேன். அவையோர் தலையசைத்தனர். எனக்கும் மனநிறைவாகவே இருந்தது.

வீடு திரும்பும் வழியில், முதுகலை இயற்பியல் பயிலும் என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, கதையில் ஒருவன் தொட்டது கால், மற்றவன் தொட்டது காது. அதனால் இருவரும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். இருவருமே காலைத்தான் அளக்கிறார்கள். ஒருவன் நான்கு முழம் என்கிறான், மற்றவன் நான்கரை முழம் என்கிறான். அப்போதும் இருவரும் சரி என்பீர்களா?"

என்னிடம் விடை இல்லை. அதன்பின் பல மாலைப் பொழுதுகளில் அவள் எனக்கு நியூட்ரான் என்னும் துகளின் ஆயுளை அளந்த வரலாற்றை எடுத்துரைத்தாள். நானும் கிடைத்ததைப் படித்தேன். எனக்கு விளங்கிய அளவில் அதனை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன். பொருள் பௌதிகம் ஆயினும், அதற்குள் கிடக்கும் வினா வாய்மையைப் பற்றியது என்பதால் இவ்விதழில் எழுதத் துணிந்தேன்.

அணுவின் கருவில் புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்கள் உள்ளன. நியூட்ரானை 1932-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்தார். உறுதியான அணுக்கருவுக்குள் இருக்கும்வரை நியூட்ரான் நிலைத்திருக்கும். கருவை விட்டுத் தனியே வெளிப்பட்டால் நெடுநேரம் இராது. அது சிதைந்து, ஒரு புரோட்டானும் ஓர் எலெக்ட்ரானும் எதிர் நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகளும் தோன்றுகின்றன. சிற்சில வேளைகளில் இம்மூன்றோடு ஓர் ஒளித்துகளும் வெளிப்படும். ஒரு துகள் எந்தெந்தப் பொருள்களாக மாறுகிறது என்பதை அதன் சிதைவு வழி என்பர். எவ்வளவு காலத்தில் மாறுகிறது என்பதை அதன் ஆயுட்காலம் என்பர்.

ஆயுள் என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர்க்கு ஆயுகர்மம் நினைவுக்கு வரும். அந்த எண்ணத்தை இங்கேயே விலக்கிவிட வேண்டும். ஆயுகர்மம் உயிருக்கு உரியது, நியூட்ரானோ புத்கலம். இங்கே ஆயுள் என்பது இரவல் சொல். மேலும் நம் ஆயுளுக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. நமக்கு நரை வருகிறது, திரை வருகிறது, பல் ஆடுகிறது. நியூட்ரானுக்கு முதுமை என்பதே இல்லை. பத்து நிமிடம் இருந்துவிட்ட நியூட்ரானும் இப்பொழுதுதான் கருவிலிருந்து வெளிப்பட்ட நியூட்ரானும் அடுத்த நொடியைச் சந்திக்கும்போது ஒரே நிலையில்தான் நிற்கின்றன. இது எப்பொழுது சிதையும் என்று ஒற்றை நியூட்ரானைச் சுட்டி எவராலும் கூற இயலாது. பல கோடி நியூட்ரான்களைச் சேர்த்து நோக்கினால் மட்டுமே கணக்கு விளங்கும். ஏறத்தாழ பதினான்கே முக்கால் நிமிடம் கடந்தபின் நூற்றுக்கு முப்பத்தேழு எஞ்சும். அந்தக் காலமே சராசரி ஆயுட்காலம்.

இந்த எண்ணைத் துல்லியமாக அறிவதற்காக ஏன் பல நாட்டு அறிஞர்கள் வாழ்நாளைச் செலவிடுகின்றனர்? அணுக்கருவைச் சிதைக்கும் மெல்விசையைப் பற்றிய கோட்பாட்டைச் சோதிக்க இது உரைகல்லாக இருக்கிறது. விண்வெளியில் ஹீலியம் எவ்வளவு உண்டு என்பதைக் கணிக்கவும் இந்த எண் வேண்டும். பேரண்டத்தின் முதல் சில நிமிடங்களில் எத்தனை நியூட்ரான்கள் சிதையாமல் எஞ்சின என்பதைப் பொறுத்து அந்த அளவு அமைந்தது என்பது இன்றைய வானியலார் கொள்கை. உலகம் அநாதி என்னும் நம் கொள்கையோடு அதனை ஒப்பிடும் வேலையை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயுளை அளக்க இருவேறு முறைகள் உள்ளன. முதலாவது கற்றை முறை. அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களை ஒரு மெல்லிய கற்றையாக, காற்றகற்றிய குழாய் வழியே செலுத்துவர். வழியில் ஒரு சிறு பகுதி, காந்தப் புலத்தாலும் மின்புலத்தாலும் அமைந்த பொறியாக இருக்கும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆகவே அது பொறியில் சிக்காமல் கடந்து போகும். கடக்கும்போது ஒன்று சிதைந்தால், அதனின்று தோன்றும் புரோட்டானுக்கு மின்னூட்டம் உண்டு, அது சிக்கிக்கொள்ளும். சிக்கிய புரோட்டான்களை அவ்வப்போது திறந்துவிட்டு எண்ணுவர். கடந்து சென்ற நியூட்ரான்கள் எத்தனை என்பதைக் கற்றையின் கடைசியில் உள்ள லித்தியம் பூசிய தகடு காட்டும். பத்து லட்சத்தில் ஒன்றுகூட அந்தச் சிறு தொலைவில் சிதைவதில்லை என்றால், இவ்வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து கேதர்ஸ்பர்க் நகரிலுள்ள தேசிய அளவியல் நிறுவனம் இம்முறையில் புகழ்பெற்றது.

இரண்டாவது குடுவை முறை. நியூட்ரான்களை மிக மிகக் குளிரச் செய்து, மனிதர் ஓடும் வேகத்திற்கு மிகாதபடி மந்தமாக்குவர். அவ்வாறு மந்தமானவை ஒரு பாத்திரத்திற்குள் அடங்கி நிற்கும். சுவரில் பட்டால் திரும்பும், மேலே எழும்பினால் புவியீர்ப்பு அவற்றைக் கீழே இழுத்துவிடும். சிறிது நேரம் வைத்திருந்து எத்தனை எஞ்சின என எண்ணுவர். பின்னர் அதே அளவு நிரப்பி, நெடுநேரம் வைத்திருந்து எண்ணுவர். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஒரு குழுவினர் ஆயிரக்கணக்கான நிலைக்காந்தங்களைப் பதித்துத் தொட்டி போன்ற ஒரு பாத்திரம் செய்தனர். நியூட்ரான்கள் அதன் சுவரைத் தொடுவதே இல்லை. காந்தத்தின் மேல் மிதப்பனபோல் துள்ளிக்கொண்டிருக்கும். 20 விநாடி வைத்து ஒருமுறை, 1,550 விநாடி வைத்து ஒருமுறை எண்ணினர். முதல் எண்ணிக்கையில் நூறு இருந்தால் இரண்டாவதில் பதினேழோ பதினெட்டோ எஞ்சும்.

விடைகள் வேறுபட்டன. 2013-இல் வெளிவந்த கற்றை முறை விடை 887.7 விநாடி, பிழைக்கு விட்ட எல்லை இருபுறமும் இரண்டு விநாடிக்குச் சற்றே கூடுதல். 2021-இல் வெளிவந்த காந்தக் குடுவை விடை 877.75 விநாடி, பிழை எல்லை அரை விநாடிக்கும் குறைவு. இடைவெளி பத்து விநாடி. பத்து விநாடிதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் பிழைக்கு இடம் கொடுத்து இருதரப்பும் வரைந்த எல்லைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. நான்கு முழம், நான்கரை முழம் என்று என் பேத்தி சொன்னது இதைத்தான்.

இவ்விடத்தில் நம் தத்துவம் கைகொடுக்கிறது. உளதாகிய எப்பொருளிலும் உத்பாதம், வியயம், திரௌவியம் ஆகிய மூன்றும், அதாவது தோற்றமும் அழிவும் நிலைபேறும், ஒருங்கே உள்ளன என்பது நாம் இளமையிலேயே கேட்டது. சமந்தபத்திர ஆசாரியர் பொற்குடத்தையும் மகுடத்தையும் காட்டி அதனை விளக்கியதும் வாசகர் அறிந்ததே. குடத்தின் அழிவு ஒரு நிகழ்ச்சி, மகுடத்தின் தோற்றம் வேறொரு நிகழ்ச்சி என்றில்லை. நியூட்ரான் அழிவதும் புரோட்டான் தோன்றுவதும் அவ்வாறே. குடுவை முறையினர் எண்ணுவது வியயம்: இத்தனை போயின, இத்தனை எஞ்சின, போனவை எவையாக மாறின என்று அவர்கள் கேட்பதில்லை. கற்றை முறையினர் எண்ணுவது உத்பாதம்: இத்தனை புரோட்டான்கள் பிறந்தன. போவதும் பிறப்பதும் ஒன்றேயானால் இரு கணக்கும் ஒத்திருக்க வேண்டும்.

இதைத் தட்டானுடைய பட்டறையில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். நூறு பொற்குடங்களைக் கொடுத்தோம். நூறும் அழிந்துவிட்டன என்று ஒரு கணக்கர் எழுதுகிறார். தொண்ணூற்றொன்பது மகுடங்களே வந்தன என்று மற்றொரு கணக்கர் எழுதுகிறார். நியூட்ரான் கணக்கில் உள்ள வேறுபாடும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான். மூன்று வகையில் இது நேரக்கூடும். மகுடங்களை எண்ணியவர் ஒன்றைத் தவறவிட்டிருக்கலாம். அதாவது கற்றை முறையின் கருவியில் குறை. ஒரு குடம் அழியாமலே களவு போயிருக்கலாம். அதாவது குடுவையில் ஒழுக்கு. அல்லது தட்டான் ஒரு குடத்தைக் கொண்டு மகுடம் அல்லாத வேறொன்றைச் செய்திருக்கலாம்; அதாவது இதுவரை எவரும் அறியாத ஒரு சிதைவு வழி.

மூன்றாவது வழி மனத்தைக் கவர்வது. 2018-இல் பார்ட்டோஷ் ஃபோர்னால், பெஞ்சமின் கிரின்ஸ்டைன் என்னும் இருவர், நூற்றில் ஒரு நியூட்ரான் கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத இருட்பொருளாக மாறக்கூடும் என்று எழுதினர். உலகெங்கும் ஆர்வம் பெருகியது. அவர்கள் அதனைச் சோதிக்கும் வழியையும் உடன் கூறியிருந்தனர் என்பது பாராட்டத் தக்கது. மாற்றத்தின்போது இன்ன ஆற்றலுடைய காமா கதிர் வர வேண்டும் என்றனர். தேடிப் பார்த்தனர், வரவில்லை. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் இணையாக வரலாம் என்றனர்; அதுவும் தென்படவில்லை. நியூட்ரான்களே நிறைந்த விண்மீன்கள் சூரியனைப்போல் இருமடங்கு எடை தாங்கி நிற்பதும் அக்கருத்திற்கு இடையூறாயிற்று. கருத்து முற்றிலும் மாயவில்லை. ஆனால் அது நிற்பதற்குரிய இடம் குறுகிவிட்டது.

ஓர் இடைக்குறிப்பு. இத்தகைய செய்தி வந்தவுடன், இது எங்கள் ஆகமங்களில் அன்றே உள்ளது என்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கும் கை துறுதுறுத்தது. நம் ஆசாரியர் கூறிய பரமாணு பிரிக்க இயலாதது, நியூட்ரானோ சிதைவது. பெயரளவில் ஒத்திருப்பதைக் கொண்டு பெருமை பேசினால், நாளை அந்தப் பௌதிகக் கொள்கை மாறும்போது நம் ஆகமத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டிவரும். நான் மேலே மூன்று சொற்களை எடுத்தாண்டது விளங்கிக்கொள்ள ஒரு துணையாகவே. அச்சொற்களுக்கு நியூட்ரானின் சான்று தேவையில்லை.

இனி என் மனத்தை அதிகம் வருத்திய பகுதிக்கு வருகிறேன். நியூட்ரான் ஆயுளின் அளவீடுகள் வந்த வரிசையைப் பாருங்கள். கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் ராப்சன் 1951-இல் வெளியிட்ட விடை, சராசரி ஆயுளாகக் கணக்கிட்டால் சுமார் 1,100 விநாடி. அதற்கு அவர் விட்ட பிழை எல்லையும் பெரிது. 1959-இல் சோவியத் அறிஞர்கள் கண்டது 1,013. பிழை எல்லை 26. 1972-இல் டென்மார்க்கில் 918. பிழை எல்லை 14. 1989-இல் பிரான்சின் கிரெனோபிளில் 887.6, பிழை எல்லை 3. ஒவ்வொருவரும் தம் எல்லையை நேர்மையாக வரைந்ததாகவே கருதினர். ஆயினும் இன்றைய மதிப்பு 1959-இன் எல்லைக்கு வெகு தொலைவில் கிடக்கிறது.

பின்னர் 2005 வந்தது. ரஷ்யாவின் காட்சினா நகரைச் சேர்ந்த செரெப்ரோவ் என்பவரின் குழு, கிரெனோபிளில் ஒரு குளிரூட்டிய குடுவையைக் கொண்டு அளந்து 878.5 விநாடி என்று அறிவித்தது. அப்போது உலகம் ஏற்றிருந்த சராசரி 885.7. துகள்களின் ஆயுளையும் சிதைவு வழிகளையும் தொகுத்து வெளியிடும் குழு ஒன்று கலிபோர்னியாவின் பெர்க்லியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது. இயற்பியலாருக்கு அவர்களுடைய தொகுப்பே ஐந்தொகை. அவர்கள் 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பில், இப்புதிய விடை மற்றவற்றிலிருந்து மிகவும் விலகி நிற்பதால் சராசரியில் சேர்க்கவில்லை என்று எழுதினர். பழைய 885.7 அப்படியே நின்றது. ஆனால் அந்தச் சராசரியே ஐயத்திற்குரியது என்றும் உடன் அச்சிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் பழைய குடுவைச் சோதனைகள் சிலவற்றை மீண்டும் ஆராய்ந்தபோது அவற்றின் விடைகள் சில விநாடி கீழிறங்கின. 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பில் சராசரி 880.1 ஆயிற்று. 2022-இல் 878.4, இதில் குடுவை முறை விடைகள் மட்டுமே சேர்க்கப்பட்டன. தள்ளி வைக்கப்பட்டவர் சொன்னதற்கு வெகு அருகில் உலகம் வந்து சேர்ந்தது.

இதில் யார் பொய் சொன்னார்? ஒருவரும் இல்லை. எனினும் பல ஆண்டுகள் அச்சில் இருந்தது மெய்யன்று. இது எவ்வாறு நேர்கிறது? அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-இல் மாணவர்க்கு ஆற்றிய உரையொன்றில் இதன் காரணத்தைக் கூறினார். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை மில்லிகன் முதலில் அளந்தது சிறிது தவறான எண். பின்வந்தோர் ஒரேயடியாகச் சரியான எண்ணுக்குப் போகாமல் சிறிது சிறிதாகவே நகர்ந்தனராம். முன்னோர் எண்ணிலிருந்து வெகுதூரம் விலகிய விடை வந்தால், எங்கோ பிழை இருக்க வேண்டும் என்று தேடுகிறோம்; தேடினால் கிடைக்கும். எதிர்பார்த்ததற்கு அருகில் விடை வந்தால் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். பிழை அங்கும் இருக்கலாம், நாம்தான் பார்க்கவில்லை.

நம் சாத்திரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பிரமாதம். விருந்து பிரமாதம், கச்சேரி பிரமாதம் என்று சிறப்பைக் குறிக்க இன்று இச்சொல்லை வழங்குகிறோம். அதன் பழம்பொருள் சோர்வு, விழிப்பின்மை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதம் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த அடை, அடுத்து வரும் பொய், களவு முதலியவற்றிற்கும் செல்லும் என்பது உரையாசிரியர் கொள்கை. பொய் சொல்ல வேண்டும் என்ற கருத்து இருந்தால்தான் அசத்தியம் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆசாரியர்கள் அந்த ஆறுதலை நமக்கு அளிக்கவில்லை. வேண்டிய விடை வந்ததும் கண்ணை மூடிக்கொள்வதும் சோர்வே அல்லவா?

ஆய்வகத்தாரைக் குறை கூறுமுன் என் கதையைச் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலய விழாவின் வரவுசெலவுக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. விழா முடிந்த இரவு கணக்கைக் கூட்டினேன். ஏட்டின்படி இருக்க வேண்டிய தொகையைவிடக் கையிருப்பு எட்டு ரூபாய் கூடுதல். எட்டு ரூபாய்தானே என்று சில்லறை வரவில் எழுதிக் கையொப்பமிட்டேன். கணக்கு ஆசிரியர் எழுதிய கணக்கு என்று எல்லோரும் மெச்சினர். இரண்டு மாதம் கழித்து, பூ கொடுத்த அம்மாள் கடைத்தெருவில் என்னைக் கண்டு, தயங்கித் தயங்கி, "நயினாரே, பூவுக்குக் காசு இன்னும் வரவில்லையே" என்றார். ஏட்டைப் புரட்டினேன். பட்டியல் வந்த அன்றே 1,850 ரூபாய் செலவு எழுதியிருந்தேன், பணம் கொடுக்கவில்லை. விளக்கு எண்ணெய்க்கு 1,842 ரூபாய் கொடுத்திருந்தேன், எழுதவில்லை. இரு தவறும் ஒன்றையொன்று மறைத்து, எட்டு ரூபாயாய் நின்றன.

அன்றிரவு கையிருப்பு ஐந்நூறு ரூபாய் குறைந்திருந்தால் விடிய விடிய உட்கார்ந்து தேடியிருப்பேன். இரண்டு பிழையும் அகப்பட்டிருக்கும். கணக்கு ஒத்துவந்ததே என்னைக் கெடுத்தது. நான் ஒரு பொய்யும் எழுதக் கருதவில்லை. ஆனால் அந்த அம்மாள் இரண்டு மாதம் காசின்றி இருந்தார். கேட்பதற்குக் கூச்சம்; ஆலயக் கணக்கில் பிழை இருக்குமா என்ற மரியாதை வேறு. பணத்தை அன்றே கொடுத்தேன். கணக்கை மறுபடி எழுதி, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வதற்கு எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

லாஸ் அலமோஸ் குழுவினர் இந்நோய்க்குக் கண்ட மருந்தைப் பேத்தி சொன்னபோது, அதனால்தான் என் மனம் அதில் பதிந்தது. அவர்கள் தம் விடையைத் தமக்கே மறைத்துக்கொண்டனர். அளவுகள் ஆராய்வோர் கைக்கு வருமுன்பே, அவர்கள் அறியாத ஓர் எண்ணால் விடை சில விநாடி இடம்பெயர்க்கப்பட்டிருக்கும். மூன்று குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்தன. எந்தத் திருத்தம் வேண்டும், எந்த அளவீட்டைத் தள்ள வேண்டும், பிழை எல்லை எவ்வளவு என்பன எல்லாம் முடிவாயின. அதன்பின்புதான் மறைத்த எண்ணைத் திறந்தனர். தம் விடை கற்றை முறைக்கு அருகிலா, குடுவை முறைக்கு அருகிலா என்று அதுவரை அவர்களுக்கே தெரியாது. தெரியாததால், எந்த இடத்தில் தேடுவதை நிறுத்தினால் தமக்கு நன்மை என்பதும் தெரியாது.

முதலில் இது எனக்கு வேடிக்கையாகவே பட்டது. கற்றவர்கள் தம்மையே நம்பாமல் கண்ணைக் கட்டிக்கொள்வதா என்றேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன். மாலைக்குமேல் உண்பதில்லை என்று விரதம் ஏற்பவர், தம் நாவின்மேல் நம்பிக்கை வைத்தா ஏற்கிறார்? அந்த வேளையில் மனம் என்ன சொல்லும் என்று முன்கூட்டியே அறிந்து, அதற்கு வாய்ப்பளிக்காமல் வரம்பு கட்டுகிறார். வாய்மைக்கும் அப்படியொரு வரம்பு கட்ட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்றே அறுபது ஆண்டுகளாக இருந்துவிட்டேன். இம்மறைப்பு எல்லாப் பிழையையும் நீக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கருவியிலேயே உள்ள குறையை அது காட்டாது. ஆசையால் வரும் பிழைக்கு மட்டுமே அது மருந்து.

யானைக் கதைக்குத் திரும்புகிறேன். கற்றை முறையும் குடுவை முறையும் தத்தம் நோக்கில் சரி என்று அநேகாந்தத்தின் பெயரால் தீர்ப்பளிப்பது எளிது. நான் அன்று மேடையில் கேட்கப்பட்டிருந்தால் அப்படித்தான் அளித்திருப்பேன். அது அநேகாந்தம் அன்று. தேடும் உழைப்பிலிருந்து தப்பித்தல். சியாத் என்ற சொல், எதுவும் சரியாக இருக்கலாம் என்று பொருள் தருவதன்று. எந்த வகையில், எந்த நிலையில் என்று வரையறுத்துச் சொல் என்பது அதன் கட்டளை. ஒரு நயத்தைக் கூறுபவன் தான் எதைப் பார்த்தான், எதைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டவன். நான் போனவற்றை எண்ணினேன், பிறந்தவற்றை எண்ணவில்லை. நான் புரோட்டானாகப் பிறந்தவற்றை எண்ணினேன், வேறாகப் பிறந்திருந்தால் அறியேன். இவ்வாறு கூறும்போதுதான் இரண்டு எண்களும் ஒரே வினாவுக்கு விடைகளா, வேறு வினாக்களுக்கு விடைகளா என்பது தெளியும். வேறு வினாக்கள் என்றால் இரண்டும் மெய்யாகலாம். அப்போது மறைந்திருக்கும் சிதைவு வழியைக் காட்டியாக வேண்டும். ஒரே வினா என்றால் ஒருவர் பிழைபட்டிருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கும்வரை இருவரும் தத்தம் கருவியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இருவரையும் புகழ்ந்து வீட்டுக்கு அனுப்புவது இருவருக்கும் செய்யும் தீங்கு.

நம் குடும்பங்களில் சொத்துப் பிரிவினை, சங்கங்களில் கணக்கு வழக்கு, இவற்றில் நடுவராக அமரும் பெரியவர்கள் இதனைச் சிந்திக்கலாம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று தொடங்குவது பெருந்தன்மை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் அத்துடன் எழுந்துவிட்டால், நியாயம் உடையவரே பெரும்பாலும் நட்டமடைகிறார். பூக்கார அம்மாளைப் போல் அவரும் வாய் திறப்பதில்லை.

நியூட்ரான் வழக்கு இன்னும் முடியவில்லை. ஜப்பானின் டோக்காய் நகரில் ஒரு குழுவினர் கற்றை முறையையே கைக்கொண்டு, புரோட்டானுக்கு மாறாக எலெக்ட்ரானை எண்ணினர். பிறக்கும் மூன்றில் வேறொன்றை எண்ணினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. 2024-இல் அவர்கள் அறிவித்த விடை ஏறத்தாழ 877 விநாடி. குடுவைக்காரர் எண்ணுக்கு அருகில். ஆனால் அவர்கள் பிழை எல்லை நான்கு விநாடி அளவினது. அதைக்கொண்டு பழைய கற்றை விடையைத் தள்ளிவிட இயலாது. புரோட்டானை எண்ணியவர்களும் தம் கருவியைச் செம்மைப்படுத்தும் முயற்சியைக் கைவிடவில்லை.

சென்ற வாரம் பேத்தியிடம், எந்தத் தரப்பு வெல்லும் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். "தெரியாது தாத்தா" என்றாள். எது வெல்ல வேண்டும் என்று உனக்கு ஆசை என்று விடாமல் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அதை மட்டும் உங்களிடம் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால், நாளைக்கு அது சரிதான் என்று நிரூபிக்க உட்கார்ந்துவிடுவேன்" என்றாள்.